காஷ்மீர் பஷ்மினா சால்வை வாங்கினோம்: தறி தெரிஞ்ச வீட்டுல இருந்து ஒரு ரிவ்யூ

கோயமுத்தூர்ல டிசம்பர் மாசம் நடக்கற கைவினைப்பொருள் கண்காட்சியில ஒரு காஷ்மீர்காரர் ஸ்டால்ல அம்மாவுக்கு பஷ்மினா சால்வை ஒண்ணு வாங்கினோமுங்க. சாயம் போடாத இயற்கை கலர், பாலாடைக்கும் இளம்பழுப்புக்கும் நடுவுல ஒரு நிறம், நாலு பக்கமும் சன்னமா சோஸ்னிங்கற காஷ்மீர் ஊசி வேலை, அளவு 40க்கு 80 இஞ்ச். 23,000 சொன்னாரு, பேசிப் பேசி 18,500க்கு குடுத்தாரு. சொந்தக்காரங்க எல்லாரும் ஒட்டுக்கா கேட்ட கேள்வி, ஒரு போர்வைக்கு இவ்வளவு காசா, அதுவும் நம்ம ஊரு வெயிலுக்கு, அப்படீங்கறதுதான். அதுக்கு ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்றதுக்கு பதிலா இங்க முழுசா எழுதீர்றேன், வாங்கோணும்னு நினைக்கறவங்களுக்கும் உதவும்.

எங்க வீடு சென்னிமலைங்க. அப்பாரு காலத்துல இருந்து தறி, பெட்ஷீட்டும் துண்டும்தான் ஓட்டுனாங்க, அம்மாவும் கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து தார் சுத்தி, பாவு (தறியில நீளவாக்குல ஓடற நூல்) புணைச்சு, கஞ்சி காய்ச்சி எல்லா வேலையும் பாத்தவங்க. நான் இப்ப திருப்பூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசர், பொழுதன்னைக்கும் துணிதான் கையில. அதனால அந்த ஸ்டால்ல நாங்க பாத்தது கலர், பூ இதெல்லாம் அப்பறம்தான், முதல்ல நூலைத்தான் பாத்தோம்.

எடை முதல்ல சொல்லீர்றேன். வீட்டுக்கு வந்து கிச்சன் தராசுல வச்சுப் பாத்தேன், 190 கிராம் காட்டுச்சு. இவ்வளவு பெரிய துணி, மடிச்சா ஒரு கைக்குள்ள அடங்குது, விரிச்சா பெரியாளு ஒருத்தரை முழுசா மூடும். மேல போட்டதும் உடனே சூடு தெரியாதுங்க, ரெண்டு மூணு நிமிஷத்துல தோள்ல ஒரு கதகதப்பு வரும், கனமே இல்லாம. அம்மாவுக்கு சாதா உல்லன் ஸ்வெட்டர் போட்டா கழுத்துல அரிக்கும், செவந்து போகும், இது அப்படி ஒண்ணுமே பண்ணலை. மார்கழி முழுக்க விடியக்காலம் கோயிலுக்கு இதைப் போட்டுட்டுத்தான் போனாங்க. ஏசி பஸ்ல, டிரெயின்ல, கோத்தகிரியில ஒரு கல்யாணத்துக்கு, எல்லாத்துக்கும் இதுதான். நம்ம ஊருக்கு எதுக்குன்னு கேட்டவங்களுக்கு என் பதில், வயசானவங்களுக்கு ஏசி பஸ்ஸே ஊட்டிதானுங்க.

இப்ப நூல் விசயத்துக்கு வர்றேன், இதுதான் முக்கியம். என் பேக்ல எப்பவும் ஒரு பிக் கிளாஸ் கிடக்கும், ஆபீஸ்ல துணியில இழை எண்றதுக்கு வச்சிருக்கற சின்ன பூதக்கண்ணாடி. அதை சால்வை மேல வச்சுப் பாத்தேன். இழை ஒரே மாதிரி இல்லைங்க, ஒரு இடத்துல மயிரிழையா போகுது, கொஞ்சம் தள்ளி லேசா தடிக்குது, மறுபடி மெலியுது. நெசவு சாய்வா கோடு கோடா விழுகுது, நம்ம டிரில் துணியில வர்ற மாதிரி ட்வில் நெசவு, ஆனா அந்த சாய்வுக் கோடு ஸ்கேல் வச்சு அடிச்ச மாதிரி இல்லாம அங்கங்க ஒரு மூச்சு நெளிஞ்சு போகுது. ஒரு இடத்துல பாவு இழை அத்துப்போயி முடிஞ்ச தடம் இருந்துச்சு, விரல்ல தடவுனா தட்டுப்படாது, கிளாஸ்ல மட்டும்தான் தெரியுது. வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சா குறுக்க மெல்லிசா நிழல் மாதிரி பட்டை பட்டையா தெரியும், ஊடை நூல், அதாவது குறுக்க ஓடற நூல், சன்னம் மாறுற இடம் அதெல்லாம். மில்லுல வந்த துணியில இப்படி இருந்தா நாங்க ரிஜெக்ட் பண்ணுவோம். கையில நூத்து கையில நெஞ்ச துணியில இது இருந்தே தீரோணும். எல்லாம் சுத்தமா ஒரே சீரா இருந்தா நூல் மெஷின்ல வந்ததுன்னு அர்த்தம், அப்ப இந்த விலை குடுக்கக்கூடாது.

நாங்க இதைப் பாத்துட்டு இருக்கறப்ப அம்மா கடைக்காரர்கிட்ட கேட்டாங்க, "ஏனுங் தம்பி, இவ்வளவு சன்னமான பாவு தறியில எப்படி நிக்குது, கஞ்சி ஏதாச்சும் போடுவீங்களா?" அவரு அறுபது வயசு இருப்பாரு, வருஷா வருஷம் இங்க வர்றதால அரைகுறைத் தமிழ் பேசுவாரு. அவருக்கு அந்தக் கேள்வி அவ்வளவு சந்தோஷமாப் போச்சு. "அம்மா, அரிசி! அரிசி தண்ணி! நீங்க தறி ஆளா?" அப்படின்னு கேட்டுட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரச் சொன்னாரு. அதுக்கப்பறம் ரெண்டு பேரும் பேசுனது வியாபாரமே இல்லை. அங்கயும் அரிசிக் கஞ்சியிலதான் பாவை விறைப்பாக்கறாங்க. அங்கயும் பாவு தயார் பண்றவரு இரும்புக் குச்சிகளை வரிசையா நட்டு வச்சு அதுக்கு நடுவுல நடந்து நடந்து நூலை ஓட்டிட்டுப் போறாரு. அம்மா "எங்க மாமனாரும் பாவு ஓட்டறப்ப இப்படித்தான் தெருவுல நடப்பாருங்க"ன்னு சொல்ல, நான் நடுவுல இந்தியிலயும் தமிழ்லயும் மாத்தி மாத்தி சொல்லீட்டு இருந்தேன்.

இந்த நூல் எங்க இருந்து வருதுன்னு தெரிஞ்சாத்தான் விலை புரியும். லடாக்குல சாங்தாங்னு ஒரு மேட்டுநிலம், கடல் மட்டத்துல இருந்து 4,000 மீட்டருக்கும் மேல, திபெத் எல்லையை ஒட்டி. அங்க சாங்பான்னு மேய்ச்சல்கார ஜனங்க, கூடாரம் போட்டு இடம் மாறி மாறி ஆடு மேய்க்கறவங்க. குளிர்காலத்துல அங்க பூஜ்யத்துக்குக் கீழ 30, 40 டிகிரி வரைக்கும் போகும். அந்தக் குளிரைத் தாங்கறதுக்கு அந்த வெள்ளாட்டுக்கு மேல்முடிக்கு அடியில பஞ்சு மாதிரி ஒரு உள்முடி வளருது, அதுதான் பஷ்மினா. குளிர் முடிஞ்சு வெயில் ஏர்றப்ப அது தானா உதிர ஆரம்பிக்கும், அப்ப சீப்பு வச்சு சீவி எடுத்துக்குவாங்க. ஒரு ஆட்டுல வருஷத்துக்கு ஒரு தடவைதான், கால் கிலோ அளவு கிடைச்சாலே பெருசு, அதுலயும் முரட்டு முடி, தூசி, அழுக்கு எல்லாம் பிரிச்சா பாதிகூட தேறாது. அப்ப அம்மா தோள்ல கிடக்கற ஒரு சால்வைக்கு ஒரு ஆடு பத்தாது, ரெண்டு மூணு ஆட்டோட ஒரு வருஷத்து முடி வேணும்.

சன்னம் எவ்வளவுன்னா, நல்ல பஷ்மினா இழை 12ல இருந்து 16 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு). நம்ம தலைமுடி சாதாரணமா 50க்கு மேல. மெரினோ உல்லன் சாதாரணமா 18, 20 கிட்ட இருக்கும். நம்ம பக்கத்துலயும் கம்பளி ஆடு உண்டுங்க, குறும்பை ஆடுன்னு சொல்லுவாங்க, கோயமுத்தூர் ஆடுன்னே அந்த இனத்துக்கு பேரு. அதுல வர்றது முரட்டு முடி, அதுலதான் கம்பளி நெய்வாங்க, நாள்பட உழைக்கும், ஆனா மேல போட்டா குத்தும். நம்ம சீதோஷ்ணத்துல ஆட்டுக்கு அவ்வளவு மெல்லிசா ஒரு உள்முடி வளர வேண்டிய அவசியமே இல்லை. குளிர் இருக்கற இடத்துலதான் அந்த சன்னம் வரும், அந்த முடியை எந்த ஃபேக்டரியிலயும் உண்டாக்க முடியாது.

அடுத்து நூற்பு. இது முழுக்க பொம்பளைங்க வேலை, ஸ்ரீநகர்லயும் சுத்துவட்டாரத்துலயும் வீட்டுல உக்காந்து யெந்தர்னு சொல்ற ராட்டையில நூக்கறாங்க. அதுக்கு முன்ன அந்த முடியை ஊறவச்ச அரிசியை இடிச்ச மாவுல போட்டுப் புரட்டி வச்சு எடுப்பாங்க, அழுக்கும் பிசுக்கும் போயி இழை மிருதுவாகறதுக்கு. நூத்த நூலை எடைக்கு வாங்கறதில்லை, முடிச்சுக் கணக்கு. பத்து இழை சேந்தது ஒரு முடிச்சு, ஒரு முடிச்சுக்கு ஒரு ரூபாய்ங்கற கணக்குல வெகுகாலம் ஓடிச்சு, இப்ப கொஞ்சம் ஏத்தியிருக்காங்க. நாள் முழுக்க கண்ணு நோக உக்காந்தாலும் கைக்கு வர்ற காசு ரொம்பக் கம்மி. அதனால நூக்கற பொம்பளைங்க எண்ணிக்கை குறைஞ்சுட்டே போகுது, மெஷின் நூல் உள்ள வருது. மெஷின்ல நூத்த நூலை வாங்கி கைத்தறியில போட்டு நெஞ்சுட்டு கைத்தறின்னு சொல்லி விக்கறதும் நடக்குது. அது பொய் இல்லை, ஆனா முழு உண்மையும் இல்லைங்க. அதனால கேக்கறப்ப "கைத்தறியா"ன்னு மட்டும் கேக்காதீங்க, "கையில நூத்த நூலா"ன்னும் சேத்துக் கேளுங்க. பதில் சொல்ற வேகத்துலயே பாதி தெரிஞ்சிரும். எங்க கடைக்காரர் இதுல நேர்மையா இருந்தாரு, ரெண்டு அடுக்கைத் தனித்தனியா காட்டி, இது ராட்டை நூலு, இது மெஷின் நூலு, விலை பாதிக்குப் பாதி வித்தியாசம்னு அவரே சொன்னாரு. அவருகிட்ட வாங்கறதுன்னு நான் முடிவு பண்ணினது அந்த இடத்துலதான்.

அதே கண்காட்சியில நாலு ஸ்டால் தள்ளி இன்னொரு கடையில "ஒரிஜினல் பஷ்மினா 800 ரூபா"ன்னு எழுதித் தொங்க விட்டிருந்தாங்க. எங்க சித்தி முந்தின வருஷம் அதே மாதிரி ஒரு கடையில 1,500 குடுத்து ஒண்ணு வாங்கி வச்சிருந்தாங்க, அதோட குஞ்சத்துல ஒரு நூலை அவங்க சம்மதத்தோட பிடுங்கி தீக்குச்சியில காட்டினேன். உருகி சுருண்டு நுனியில கறுப்பா ஒரு கெட்டி மணி மாதிரி உக்காந்துச்சு, பிளாஸ்டிக் வாசம். அக்ரிலிக்குங்க அது. அம்மாவோட சால்வை குஞ்சத்துல ஒரு இழையை அதே மாதிரி எரிச்சப்ப முடி கருகற வாசம் வந்துச்சு, எரிஞ்சது விரல்ல தேச்சா பொடியாப் போச்சு. காயிதம் எரியற வாசம் வந்தா மரக்கூழ்ல செய்யற விஸ்கோஸ் நூல். இந்த டெஸ்ட் மிருகத்து முடியா இல்லையான்னு மட்டும்தான் சொல்லும், சாதா உல்லனும் இப்படித்தான் எரியும், அதனால இது பாஸ் ஆனா பஷ்மினான்னு முடிவு கட்டீராதீங்க. நம்ம கோயமுத்தூர்லயே சிட்ரா இருக்கு, 1956ல இருந்து ஜவுளி ஆராய்ச்சி பண்ற இடம், பெரிய தொகைக்கு வாங்கறவங்க இழை என்னன்னு அங்க விசாரிச்சுப் பாக்கலாம்.

மோதிரத்துக்குள்ள விட்டு உருவிக் காட்டறதை நம்பாதீங்க. எல்லாக் கடையிலயும் இதைச் செய்வாங்க, கூட்டம் கூடி கை தட்டும். மெல்லிசா இருக்கற பட்டும் போகும், விஸ்கோஸும் போகும். அதுல நிரூபணம் ஒண்ணுமே இல்லை. ரோமம் இல்லாம வழவழன்னு பளபளன்னு மின்னுனாலும் சந்தேகப்படுங்க, நல்ல பஷ்மினா மின்னாது, ஒரு மங்கலான சாந்தமான நிறம் இருக்கும், மேல கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசா ஒரு புகை மாதிரி ரோமம் நிக்கும். பவர்லூம் பஷ்மினா பத்தி ஒண்ணு சொல்லோணும். தனி பஷ்மினா நூல் பவர்லூம் வேகத்துக்கு நிக்காது, அத்துப்போகும். அதுக்காக நைலான் மாதிரி இழையைக் கலந்து நெஞ்சுட்டு அப்பறமா ஆசிட்ல போட்டு அந்த நைலானைக் கரைச்சு எடுக்கற முறை ஒண்ணு இருக்கு. கடைசியில இழை என்னன்னு மட்டும் டெஸ்ட் பண்ணுனா பஷ்மினான்னுதான் வரும், ஆனா ஆசிட் பட்ட இழைக்கு உயிர் போயிரும், கொஞ்ச வருஷத்துல இத்துப்போகும். புதுசுல கையில தொட்டுப் பாத்து இதைக் கண்டுபிடிக்கறது கஷ்டம், அதுக்குத்தான் லேபிள்.

காஷ்மீர் பஷ்மினாவுக்கு 2008ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. இழை 16 மைக்ரானுக்கு மேல போகக்கூடாது, கையில நூத்திருக்கோணும், கையில நெஞ்சிருக்கோணும், காஷ்மீர்ல செஞ்சிருக்கோணும், இந்த நாலும் இருந்தாத்தான் முத்திரை. ஸ்ரீநகர்ல கைவினை மேம்பாட்டு நிறுவனத்துல இதுக்குன்னே ஒரு சோதனைக்கூடம் இருக்கு, சால்வையை மைக்ராஸ்கோப்புல பாத்து, சரின்னா தனி நம்பர் போட்ட லேபிளை ஒட்டிக் குடுப்பாங்க, அந்த நம்பரை வச்சு நம்மளே சரிபாத்துக்கலாம். எங்க ஸ்டால்ல எனக்கு இருந்த ஒரே பெரிய குறை இதுதான். அடுக்கி வச்சிருந்ததுல முக்கால்வாசிக்கு லேபிள் இல்லை. கேட்டதுக்கு, ஒவ்வொண்ணையும் கொண்டு போயி டெஸ்ட் பண்ணி வாங்கற செலவும் அலைச்சலும் கட்டுப்படியாகலை, எனக்கு என் வாக்குதான் லேபிள்னு சொன்னாரு. அவரு சொன்னது உண்மையாவே இருக்கலாம், எங்களுக்கு நல்ல மனுசனாத்தான் தெரிஞ்சாரு, ஆனா 18,500 ரூபா குடுக்கறவங்களுக்கு வாக்கு மட்டும் பத்தாதுங்க. லேபிள் இருந்த கொஞ்சத்துலதான் நாங்க தேடி எடுத்தோம், அம்மாவுக்குப் பிடிச்ச மெரூன் கலர் ஒண்ணை அதுக்காகவே விட்டுட்டு வந்தோம். பில்லும் அப்படித்தான், முதல்ல "ஷால் 1" அப்படின்னு மட்டும் எழுதிக் குடுத்தாங்க. நான் நின்னு, "பியூர் பஷ்மினா, கைநூற்பு, கைத்தறி, லேபிள் நம்பர் இது"ன்னு எழுத வச்சு கையெழுத்து வாங்கினேன். கார்டு மெஷின் வேலை செய்யலைன்னு சொன்னாங்க, ஜிபே பண்ணினோம். பில்லுல எழுத மாட்டேன்னு சொல்ற கடையில தயவுசெஞ்சு வாங்காதீங்க, எவ்வளவு நல்லாப் பேசினாலும் சரி.

இந்த இடத்துல என் மனசுல இருக்கறதை சொல்லியாகோணும். கைத்தறி ரகங்களைப் பாதுகாக்கறதுக்கு 1985ல மத்திய அரசு ஒரு சட்டம் போட்டுச்சு, கைத்தறிக்குன்னு சில ரகங்களை ஒதுக்கி வச்சு, பவர்லூம்ல அதை நெய்யக் கூடாதுன்னு. அந்தப் பட்டியல்ல சேலை, வேட்டி, பெட்ஷீட் இருக்கு, ஜமக்காளம் இருக்கு, கம்பளி இருக்கு, சால்வையும் இருக்கு. பவானி ஜமக்காளமும் காஷ்மீர் சால்வையும் ஒரே பட்டியல்ல பக்கத்துல பக்கத்துல நிக்குது. பவானிக்கு நடந்தது நம்ம கண்ணு முன்னால நடந்ததுதானே. புவிசார் குறியீடு வாங்கியும் வெளியூர் பவர்லூம்ல இருந்து பவானி ஜமக்காளம்னு பேரு போட்டு வந்து கம்மி விலைக்கு இறங்குது, தறிக்குழியில கால் வச்சு இழுத்த ஆளு வேற வேலைக்குப் போறாரு, அவரு பசங்க தறிப்பக்கமே வர்றதில்லை. காஷ்மீருக்கும் அதேதான், அமிர்தசரஸ்லயும் லூதியானாவுலயும் மெஷின்ல ஓட்டுனதை காஷ்மீர்னு சொல்லி காஷ்மீர்லயே விக்கறாங்க. அங்க டூர் போயி தால் ஏரிக்கரையில வாங்கிட்டு வந்தோம், அப்ப ஒரிஜினல்தானேன்னு நிறைய பேரு கேக்கறாங்க, இல்லைங்க, இடம் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நமக்கு ஜமக்காளத்துல எது கைத்தறின்னு தொட்டாத் தெரியும், வெளியூர்க்காரனுக்குத் தெரியாது, அவன் கம்மி விலையப் பாத்து ஏமாந்துட்டுப் போவான். சால்வை விசயத்துல நம்மதான் அந்த வெளியூர்க்காரன். அதனால நம்மளாவது தெரிஞ்சு வாங்கோணும், தறிக்காரன் வயித்துல அடிக்கற பொருளை தறிக்காரன் ஊரே காசு குடுத்து வாங்கறது நியாயமே இல்லை.

ஊசி வேலை பத்தி. எங்க சால்வையில பார்டர் மட்டும்தான், ரெண்டு விரக்கடை அகலம். சோஸ்னி வேலை பெரும்பாலும் ஆம்பளைங்க செய்யறது. முதல்ல டிசைன் போடறவரு காயிதத்துல ஓட்டை போட்டு பொடி தூவி கோட்டை துணியில இறக்குவாரு, அதுக்கு மேல மயிரிழை ஊசியில நூல் ஓட்டுவாங்க. திருப்பிப் பாத்தேன், பின்பக்கம் முடிச்சு, தொங்கற நூல் ஒண்ணுமே இல்லை, துணியோட பாவு இழையில கொஞ்சத்தை மட்டும் ஊசியில அள்ளி அள்ளித் தச்சிருக்காங்க. ஒரு பூவோட இதழ் ஒரு அரிசி அளவு இருக்கும், அதுக்குள்ள மூணு நிறம் மாறுது. முழுசா நிறைச்சு தச்ச சால்வை இன்னொண்ணு காட்டினாரு, ஒரு ஆளு வருசக்கணக்குல உக்காந்தது, விலை லட்சத்துல. நாங்க தொட்டுப் பாத்துட்டு மடிச்சுக் குடுத்துட்டோம்.

அதைவிட என்னை நிக்க வச்சது கானி சால்வை. ஊசியே கிடையாது, பூவு மொத்தமும் தறியிலயே வருது. நாடாவுக்குப் பதிலா சின்னச் சின்ன மரக்குச்சியில ஒவ்வொரு கலர் நூலா சுத்தி வச்சுக்குவாங்க, ஒரு வரிக்கே பத்து, நூறுன்னு டிசைனுக்குத் தக்கன குச்சி. எந்த இடத்துல எத்தனை பாவு இழைக்கு எந்தக் கலருன்னு தாலிம்னு ஒரு குறிப்புல எழுதியிருக்கும், அது சங்கேத எழுத்து, பழகினவங்களுக்குத்தான் படிக்க வரும், அதை ஒருத்தர் சத்தமா வாசிக்க தறியில இருக்கறவரு அதே மாதிரி குச்சியை நுழைப்பாரு. டிசைனை ஓட்டை ஓட்டையாப் போட்டு தறிக்குச் சொல்ற ஜக்கார்டு அட்டை வர்றதுக்கு வெகுகாலம் முன்னாலயே அங்க டிசைனை எழுத்தா எழுதி வச்சிருக்காங்க. கானிஹாமான்னு ஒரு கிராமம் இதுக்குப் பேர் போனது. ஒரு நாளைக்கு ரெண்டு சென்டிமீட்டர் முன்னபின்னதான் நகரும்னு சொன்னாரு, நல்ல நெருக்கமான டிசைன்னா அதுவும் கிடையாது. பத்தொம்பதாம் நூற்றாண்டுல ஐரோப்பாவுல இந்த மாங்கா டிசைன் சால்வைக்கு அவ்வளவு கிராக்கி, ஸ்காட்லாந்துல பெய்ஸ்லின்னு ஒரு ஊர்ல ஜக்கார்டு தறியில இதைக் காப்பியடிச்சே பெரிய தொழில் நடத்தினாங்க. அப்பறம் 1870ல பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் சண்டை வந்து அந்த வியாபாரம் படுத்துச்சு, பின்னாலயே பஞ்சம், நெசவாளிங்க பாடு சொல்லி மாளாது. இன்னைக்கு கானின்னு 3,000 ரூபாய்க்கு விக்கறது மெஷின் ஜக்கார்டுங்க, பின்பக்கம் திருப்புங்க, நீளமா ஓடுன நூலை கத்தரிச்சு விட்ட தடம் அப்படியே தெரியும்.

இன்னொண்ணு, யாராச்சும் ரகசியமா "தூஷ் இருக்கு, ஷாதூஷ், உள்ள வச்சிருக்கேன்"னு சொன்னா அந்தப் பக்கமே நிக்காதீங்க. அது சிருங்கற திபெத்து மான் முடி, அந்த மானைக் கொன்னாத்தான் முடி எடுக்க முடியும். வனவிலங்கு சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கற பிராணி, விக்கறதும் வாங்கறதும் குத்தம், ஜெயில். பஷ்மினாவுல ஆடு உசுரோட இருக்கும், அடுத்த வருஷமும் முடி குடுக்கும்.

ஒரு சீசன் போட்ட பிறகு எப்படி இருக்குன்னா, தோள்ல பை மாட்டற இடத்துல சின்னச் சின்ன உருண்டையா பில்லிங் வந்திருக்கு. இது எல்லா பஷ்மினாவுக்கும் வரும், மெதுவா விரல்ல எடுத்தா போயிரும், பிளேடு போட்டுச் சுரண்டாதீங்க. அம்மா வளையல்ல ஒரு தடவை மாட்டி இழை வெளிய வந்துச்சு, வெட்டாம குறுக்கும் நெடுக்கும் லேசா இழுத்து விட்டா உள்ள போயிரும், போச்சு. கல்லு வச்ச நெக்லஸ், சேஃப்டி பின் ரெண்டும் இதுக்கு எமன். பின் குத்தவே குத்தாதீங்க. துவைக்கறதுக்கு டிரை கிளீனிங் குடுக்கச் சொல்லி கடைக்காரர் சொன்னாரு, நாங்க வீட்டுலயே பச்சைத் தண்ணியில பேபி ஷாம்பு ரெண்டு சொட்டு விட்டு அஞ்சு நிமிஷம் முக்கி எடுத்தோம், பிழியாம டவல்ல சுருட்டி அமுக்கி, நிழல்ல கட்டில் மேல விரிச்சுக் காயப்போட்டோம். கொடியில தொங்க விட்டா ஈர எடைக்கு இழுத்து நீண்டுரும். சாயமில்லாத கலர்ங்கறதால தண்ணியில ஒண்ணும் இறங்கலை, சாயம் போட்டது வாங்கினவங்க ஓரத்துல ஈரத் துணி வச்சு ஒத்திப் பாத்துட்டு நனைங்க. வச்சிருக்கறது பழைய மல்லு வேட்டித் துணியில சுத்தி, காஞ்ச வேப்பிலையும் கிராம்பும் போட்டு. அந்துருண்டை துணியில நேராப் படக்கூடாது. பிளாஸ்டிக் கவர் கூடவே கூடாது, நம்ம ஊர்ல ஐப்பசி கார்த்திகை மழையில ஈரம் கோத்துக்கும், பூச்சி வந்தா ஒரே ராத்திரியில ஓட்டை விழும். மாசத்துக்கு ஒருக்கா எடுத்து உதறி நிழல்ல போட்டு மடிப்பை மாத்தி வைங்க.

மார்க்குன்னு கேட்டா பொருளுக்கு அஞ்சுக்கு அஞ்சு, கடைக்கு மூணரை. லேபிளும் பில்லும் ஒழுங்கா இருந்திருந்தா கடைக்கும் நாலரை தாராளமா குடுத்திருப்பேன். விலை அதிகம்னு எனக்குத் தோணலை. முடி சீவுனவங்க, பிரிச்சவங்க, நூத்தவங்க, பாவு ஓட்டுனவரு, நெஞ்சவரு, அலசுனவரு, கோடு போட்டவரு, தச்சவருன்னு அத்தனை கை பட்டு வர்ற பொருள், எட்டு வீட்டுக்குப் பிரிஞ்சு போகோணும் அந்தக் காசு. 5,000க்குள்ளதான் பட்ஜெட்னா பஷ்மினா பக்கம் போகாதீங்க, அந்த விலைக்கு உண்மையான முழு சால்வை கிடைக்காது. அதுக்குப் பதிலா இமாச்சல் குலு கைத்தறி உல்லன் சால்வை வாங்குங்க, ஓரத்துல கட்டம் கட்டமா கலர் போட்டு வரும், அதுக்கும் புவிசார் குறியீடு இருக்கு, குலுவுல 1944ல ஆரம்பிச்ச பூட்டிக்கோன்னு நெசவாளர் கூட்டுறவு சங்கமே நேரா விக்குது. கொஞ்சம் கனம் ஜாஸ்தி, கழுத்துல லேசா உறுத்தும், ஆனா சுத்தமான உல்லன், கைத்தறி, பத்து வருஷம் தாங்கும். பஷ்மினாதான் வேணும், அவ்வளவு காசு இல்லைங்கறவங்க முழு சால்வைக்குப் பதிலா ஸ்டோல் கேளுங்க, 28க்கு 80 இஞ்ச், வேலைப்பாடு இல்லாத பிளெயின், லேபிளோட. எங்களுக்கு 9,500 சொன்னாரு, கண்காட்சி கடைசி நாள் சாயங்காலம் போனா இன்னும் குறையும், ஆனா அப்ப லேபிள் இருக்கற பீஸ் மிச்சம் இருக்காது, அதனால முதல் ரெண்டு நாளுக்குள்ள போயிருங்க, பகல்ல போங்க, ஸ்டால் லைட்டுல நூலைப் பாக்க முடியாது, வாசலுக்கு எடுத்துட்டு வந்து சூரிய வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்கறேன்னு சொல்லுங்க, நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டாரு.